பிள்ளை பெற்ற தாயின் சரக்குக்கறிச் சட்டியில் என்ன சத்து இருக்கிறது?

இலங்கையின் கிழக்கே கல்முனைப் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். சிசேரியன் செய்து குழந்தை பிறந்து மூன்று கிழமை ஆகிறதாம். அம்மா சரக்குக்கறியும் (மல்லி, மிளகு போன்ற சரக்குகளை வறுத்து அரைத்து வைக்கும் பத்தியக் கறி) சோறும், சுறா வறை, நாட்டுக்கோழி, முட்டை, உளுந்துக்களி என்று மாறி மாறிக் கொடுக்கிறா. ஆனால் பழம் கிடையாது, தயிர் கிடையாது, முருங்கையிலை தவிர வேறு இலைக்கறி கிடையாது, தண்ணீர் கேட்டால் அரைக் கிளாஸ்தான். கூட வேலை செய்கிறவர்களோ, "இதெல்லாம் பழைய காலத்துக் கதை, தாய்மாருக்கென்று விற்கிற பால்மாவை வாங்கிக் குடி" என்கிறார்களாம். அம்மா தருகிற சாப்பாட்டில் உண்மையிலேயே சத்து இருக்கிறதா, 31ஆம் நாள் துடக்கு, அதாவது பிரசவத் தீட்டு, கழித்த பிறகு அதை நிறுத்தலாமா என்பதுதான் கேள்வி.

தங்கச்சி, அம்மா தட்டில் வைப்பது பெரும்பாலும் சரி. வைக்காமல் விடுவதில்தான் பிழை இருக்கிறது. எங்கள் கிழக்குப் பக்கத்துச் சாப்பாட்டை வைத்தே விளக்குகிறேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள், சண்டை பிடிக்காமல் பேசுவதற்கு உதவும்.

முதலில் தேவை எவ்வளவு என்று பார்ப்போம். பால் கொடுக்கும் தாய்க்கு முதல் 6 மாதத்தில் வழமையான சாப்பாட்டுக்கு மேல் நாளுக்கு ஏறத்தாழ 500 கலோரி வேண்டும். புரதம் 19 கிராம் அளவில் கூட வேண்டும். குழந்தை ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர் அளவில் பால் குடிக்கிறது, அத்தனையும் தாயின் உடம்பில் இருந்துதான் வர வேண்டும். இதற்கு மேல் பிரசவத்தில் போன இரத்தம் இருக்கிறது. அரை லீற்றர் இரத்தம் போனாலே 200 மில்லிகிராமுக்குக் குறையாத இரும்புச்சத்து போய்விடும். சிசேரியனில் போகும் இரத்தம் இன்னும் கூட. அதோடு வயிற்றில் வெட்டுக்காயம் ஆற வேண்டும்.

அடுத்தது, பலர் கவனிக்காத ஒன்று. தாய் என்ன சாப்பிட்டாலும் பாலில் உள்ள கல்சியமும் இரும்பும் பெரிதாக மாறாது. தாய் போதுமான அளவு சாப்பிடாவிட்டால் கல்சியம் அவருடைய எலும்பில் இருந்து போகும். குழந்தைக்குக் குறை தெரியாது, தாய்க்குத்தான் இழப்பு. விற்றமின் ஏ, பி வகை விற்றமின்களில் பி1, பி6, பி12, அயடீன், மீன் கொழுப்பில் உள்ள ஒமேகா 3 ஆகியவை அப்படியல்ல. தாய் சாப்பிட்டால் பாலில் இருக்கும், சாப்பிடாவிட்டால் பாலிலும் குறையும். ஆகவே பத்தியம் என்று எதையாவது விலக்கும்போது, அது தாயிடம் இருந்து மட்டும் போகிறதா, குழந்தையிடம் இருந்தும் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

இனிச் சரக்குக்கு வருவோம். மல்லி, மிளகு, நற்சீரகம், மஞ்சள், உள்ளி இவ்வளவும் பெரும்பாலும் எல்லா வீட்டிலும் இருக்கும். சில வீடுகளில் சுக்கு, திப்பிலி, ஓமம் சேர்ப்பார்கள். செத்தல் மிளகாயை விலக்கிவிட்டு உறைப்பை மிளகிடம் விட்டுவிடுவார்கள். வறுத்து, அம்மியில் அரைத்து, மீனோ கோழியோ போட்டுக் கொதிக்க வைத்து இறக்கும்போது வரும் மணத்திலேயே பசி எடுக்கும். பிள்ளைப்பேறு முடிந்து நித்திரை இல்லாமல், சாப்பாட்டைப் பார்த்தாலே சலிப்பு வரும் நாட்களில் அது சின்ன உதவி இல்லை. உள்ளியைப் பற்றி 1991இல் மெனெல்லா, பியூசாம்ப் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தாய் உள்ளி சாப்பிட்ட பிறகு பாலில் அந்த வாசம் வரும்போது குழந்தைகள் கூட நேரம் மார்பில் இருந்தன, கூடச் சப்பின. உள்ளி சாப்பிட்டால் பிள்ளை பால் குடிக்காது என்று பயப்படுகிறவர்கள் இதைக் கேட்டு நிம்மதியாக இருக்கலாம்.

ஆனால் சரக்கை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அதில் வரும் சத்து கொஞ்சம்தான். ஒரு வேளைச் சாப்பாட்டில் ஒருவருக்கு 5 கிராம் சரக்கு போகும் என்று வையுங்கள். அதில் இரும்பு ஏறத்தாழ 1 மில்லிகிராம் இருக்கும், அதிலும் உடம்பு உறிஞ்சிக்கொள்வது மிகச் சிறு பங்கு. சரக்குக்கறியின் சத்து சரக்கோடு சட்டிக்குள் போகிற மீனிலும் கோழியிலும் முட்டையிலும் இருக்கிறது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கையில் காசு தட்டுப்படும் வீடுகளில், "சரக்குத்தானே மருந்து, அது போட்டால் போதும்" என்று வெறும் சரக்குத் தண்ணியைச் சோற்றில் ஊற்றிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். மீன் துண்டு ஆம்பிளைகளின் தட்டுக்குப் போயிருக்கும். அந்த மாதத்தில் வீட்டில் ஒரே ஒரு மீன் துண்டு இருந்தால் அது பிள்ளை பெற்றவளுக்குரியது.

அதே போல், சரக்கு கருப்பையைச் சுருக்கும், அழுக்கைக் கழிக்கும் என்பார்கள். கருப்பையைச் சுருக்குவது குழந்தை பால் குடிக்கும்போது தாயின் உடம்பில் சுரக்கும் ஒக்சிற்றோசின் என்ற ஹோர்மோன். பால் கொடுக்கும்போது அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறதே, அதுதான். பால் கூடுவதும் முக்கியமாக மார்பு வெறுமையாவதால்தான். இரவும் பகலுமாக நாளுக்கு 8 முதல் 12 தரம் குழந்தை குடித்தால் பால் தானாகக் கூடும். அந்த வேலைக்குத் தேவையான பலத்தைத் தருவதுதான் சாப்பாட்டின் பங்கு.

சுறா பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் எங்கள் கரையோரத்தில் பிள்ளை பெற்ற வீடு என்றால் சுறா வறை இல்லாமல் இராது. சுறாவைத் துண்டு போட்டு மஞ்சளும் உப்பும் சேர்த்து அவிப்பார்கள். அவிந்ததும் சொரசொரத்த தோலை உரித்து, நடுவில் உள்ள குருத்தெலும்பைக் கழற்றிவிட்டு, சதையைக் கையால் பிழிந்து தண்ணியை எடுத்து உதிர்த்துவிடுவார்கள். பிறகு வெங்காயம், நிறைய உள்ளி, மிளகு, கறிவேப்பிலை, கொஞ்சத் தேங்காய்ப்பூ சேர்த்துத் தாச்சியில் வறட்டுவார்கள். இதில் எனக்குப் பிடித்தது அந்தப் பிழிகிற வேலை. சுறாச் சதையில் இயற்கையாகவே யூரியா இருக்கிறது. மீன் செத்த பிறகு அது அமோனியாவாக மாறித்தான் அந்த மூக்கைத் துளைக்கும் வாடை வருகிறது. அவித்துத் தண்ணியைப் பிழிந்து ஊற்றும்போது அதில் பெரும்பகுதி போய்விடும். 100 கிராம் சுறாவில் 20 கிராமுக்குக் குறையாமல் புரதம் உண்டு, கொழுப்பு குறைவு, பி12 தாராளம், முள் இல்லை. ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மற்றக் கையால் சாப்பிடுகிற பெண்ணுக்கு முள் இல்லாத மீன் எவ்வளவு வசதி என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு நல்லதையும் சொல்லிவிட்டு, கெட்டதை மறைக்கக் கூடாது. பெரிய சுறா பல வருடம் வாழ்கிற மீன். மற்ற மீன்களைத் தின்று தின்று அவற்றில் உள்ள பாதரசத்தைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அது தாயின் பாலிலும் சிறிதளவு போகும், குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஆகாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் பால் கொடுக்கும் தாய்மார் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்றே சொல்கிறது. சுறா சாப்பிட்டால்தான் பால் சுரக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. என் கருத்து இது: பெரிய சுறாத் துண்டு வேண்டவே வேண்டாம். அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை என்றால் சின்னச் சுறா எப்பவாவது ஒரு தரம், அவ்வளவுதான். மற்ற நாட்களில் அதே வறையை முள் எடுத்த வேறு மீனில் செய்யலாம். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கமான எழுவான்கரையில் கடல் மீனும் வாவி மீனும் கிடைக்கும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் குளத்து விரால் கிடைக்கும், சரக்குக்கு விரால் அருமையான மீன். நெத்தலி, சூடை, கீரி போன்ற சின்ன மீன்களில் பாதரசம் மிகக் குறைவு, ஒமேகா 3 உண்டு, நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் கல்சியமும் சேரும். விலையும் சுறாவை விடக் குறைவுதான். கருவாடு என்றால் உப்பைக் கவனியுங்கள், பிரசவத்தோடு பிரஷர் ஏறியவர்களுக்கு அது கூடாது.

உளுந்துக்களியைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 50 கிராம் உளுத்தம்மா, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், 30 கிராம் சர்க்கரை அல்லது பனங்கட்டி போட்டுக் கிண்டினால் ஒரு கிண்ணம் வரும். உளுந்தில் 170 கலோரி, எண்ணெயில் 240, சர்க்கரையில் 110 சொச்சம், எல்லாம் சேர்த்து 500க்கு மேல். அதாவது பால் கொடுப்பதற்காகக் கூடத் தேவைப்படும் சக்தி முழுவதும் ஒரே கிண்ணத்தில் வந்துவிடுகிறது, கூடவே 12 கிராம் புரதமும். எங்கள் அம்மம்மாமார் கலோரி தெரியாமலே கிண்டியது இது. ஒரு எச்சரிக்கை: கர்ப்ப காலத்தில் சீனி வருத்தம் இருந்தவர்கள் சர்க்கரையைக் குறைத்து, சின்னக் கிண்ணமாகச் சாப்பிட வேண்டும். சத்திரசிகிச்சை முடிந்து ஓடியாடாமல் இருக்கும்போது, சாதாரணச் சாப்பாட்டையும் குறைக்காமல் இரண்டு மூன்று கிண்ணம் போனால் எடை ஏறும் என்பதும் உண்மை.

எள்ளுருண்டைக்குக் கறுப்பு எள்ளைத் தோலோடு எடுங்கள். தோலோடு உள்ள எள்ளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 975 மில்லிகிராம் கல்சியம் இருக்கிறது, தோல் போனால் அதில் பெரும்பங்கு போய்விடும். தோலில் உள்ள, கல்சியத்தைப் பிடித்துவைக்கும் ஒட்சலேற்று காரணமாக முழுவதும் உடம்பில் சேராது, ஆனாலும் லாபம்தான். குரக்கன் கூழும் கல்சியத்துக்கு நல்லது. வெந்தயம் பால் சுரக்க உதவும் என்பதில் ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. கறியில், கஞ்சியில் போடும் அளவு பிரச்சினை இல்லை. கைப்பிடி கணக்கில் அவித்துக் குடிக்க வேண்டாம், இரத்தத்தில் உள்ள சீனியைக் குறைக்கும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு ஆபத்து.

முருங்கையிலையை அம்மா அனுமதித்திருப்பது பெரிய விசயம். 100 கிராம் இலையில் கல்சியம் 185 முதல் 440 மில்லிகிராம் வரை என்று வெவ்வேறு அட்டவணைகள் சொல்கின்றன, எந்தக் கணக்கை எடுத்தாலும் நல்ல அளவுதான். விற்றமின் ஏயாக மாறும் கரோட்டின் நிறைய உண்டு. அது பாலுக்கும் போகும் சத்து என்று மேலே சொன்னேன். சுண்டல் செய்யும்போது தேங்காய்ப்பூ போடுகிறோமே, அந்தக் கொழுப்போடு சேர்ந்தால்தான் கரோட்டின் உடம்பில் நன்றாகச் சேரும். இறக்கிய பிறகு தேசிக்காய்ப் புளி இரண்டு சொட்டு விடுங்கள், இலையில் உள்ள இரும்பு சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடித்தால் அந்த இரும்பு வீணாகும், ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

சோற்றையும் விட்டுவிடக் கூடாது. அம்பாறையும் மட்டக்களப்பும் நெல் விளையும் மாவட்டங்கள், வீட்டில் சிவப்புப் புழுங்கலரிசி இருக்கும். நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி1 அரிசிக்குள் இறங்கிவிடும், பிறகு குத்தினாலும் முழுவதும் போகாது. தீட்டிய வெள்ளைப் பச்சரிசியில் அது மிகக் குறைவு. லாவோஸ், கம்போடியா போன்ற நாடுகளில் பிரசவத்துக்குப் பிறகு வெள்ளைச் சோறும் உப்பும் இஞ்சியும் போன்ற சிலவற்றை மட்டும் சாப்பிடும் கடும் பத்தியத்தால் பாலில் பி1 குறைந்து, நன்றாக இருந்த கைக்குழந்தைகள் திடீரென்று இதயம் பலவீனமாகி இறந்திருக்கிறார்கள். பத்தியம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதை விட வலியான பாடம் இல்லை. எங்கள் பத்தியம் அவ்வளவு கடுமையானது அல்ல, மீனும் முட்டையும் உளுந்தும் இருப்பதே காரணம். ஆனால் சில வீடுகளில் முதல் 10, 12 நாட்களுக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, வெள்ளைச் சோறும் சரக்குத் தண்ணியும் மட்டும் கொடுக்கிறார்கள். அதை மாற்றியே ஆக வேண்டும்.

இப்போது அம்மா மறுக்கிற பக்கம்.

தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், காயத்தில் சலம் வைக்கும் என்று பயப்படுகிறார்கள். தாய்ப்பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். மட்டக்களப்பு வெயிலில் வியர்வையாகப் போவதும் சேர்ந்தால் அரைக் கிளாஸ் எந்த மூலைக்கு? தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும், சலக்கடுப்பு வரும், சிசேரியன் காயத்தோடு முக்குவது எவ்வளவு வேதனை என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு தரமும் பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு கிளாஸ் இருக்கட்டும். குளிர்ந்த தண்ணீர் கூடாது என்றால் சுடுதண்ணீராகக் கேளுங்கள், மல்லி அவித்த தண்ணியாகக் கேளுங்கள். அம்மாவுக்கும் சம்மதமாக இருக்கும், உடம்புக்கும் போதும்.

பழத்துக்கும் இதே கதைதான். வாழைப்பழம், பப்பாசி, கொய்யா எல்லாம் வளவுக்குள்ளேயே இருக்கும், தாய்க்கு மட்டும் தடை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் விற்றமின் சி உண்டு. காயம் ஆறுவதற்கும், கிளினிக்கில் தரும் இரும்புச்சத்து மாத்திரை உடம்பில் சேர்வதற்கும் அது வேண்டும். பப்பாசி கர்ப்பத்தில் பயந்த பழம், குழந்தை பிறந்த பிறகு அந்தப் பயத்துக்கு இடமில்லை. தயிரும் அப்படித்தான். எருமைத் தயிருக்குப் பேர் போன மாவட்டத்தில், எலும்பில் இருந்து கல்சியத்தைக் கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு ஒரு சிரட்டைத் தயிர் மறுக்கப்படுவது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம். தாய் தயிர் சாப்பிட்டால் குழந்தைக்குச் சளி பிடிக்காது. சளி பிடிப்பது கிருமியால், பார்க்க வருகிறவர்கள் குழந்தையை முத்தமிடும்போதும் அது தொற்றலாம்.

கிரந்தி, அதாவது உடம்பில் கடியும் புண்ணும் உண்டாக்கும், என்று விலக்கும் இறால், நண்டு, கத்தரிக்காய், தக்காளி, சூரை மீன் பற்றியும் கேட்பீர்கள். உங்களுக்கு முன்பே இறால் ஒத்துக்கொள்ளாது என்றால் விடுங்கள், ஒத்துக்கொள்ளும் என்றால் காயத்தை அது ஒன்றும் செய்யாது. சூரை விசயத்தில் பெரியவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பழுதாகத் தொடங்கிய சூரையில் ஹிஸ்ரமின் என்ற பொருள் கூடி, சாப்பிட்டவருக்கு உடம்பு சிவந்து கடிக்கும், சமைத்தாலும் அது போகாது. புது மீன் என்றால் பயமில்லை.

சில வீடுகளில் முட்டைக்கோப்பிக்குள் கொஞ்சம் பிராந்தியோ சாராயமோ விடுவார்கள், உடம்பு வலி போகுமென்று. அது பாலுக்குள் போகும், வேண்டாம். பச்சை முட்டையும் வேண்டாம். நல்லெண்ணெயில் மிளகு தூவிப் பொரித்த முட்டைதான் நல்லது. குழந்தையின் நாக்கில் தேன், சர்க்கரைத் தண்ணி எதுவும் வைக்க வேண்டாம். ஒரு வயதுக்கு முன் தேனால் கிளொஸ்ரிடியம் என்ற கிருமியின் நஞ்சு ஏற்பட்டு உடம்பு தளர்ந்துபோகும் ஆபத்து இருக்கிறது. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்.

பால்மா வாங்கச் சொன்னவர்களுக்குப் பதில்: அது குடித்தால் பிழையில்லை, கல்சியமும் கொஞ்சப் புரதமும் வரும். ஆனால் அந்தக் காசுக்கு எத்தனை முட்டை, எத்தனை கிலோ நெத்தலி வரும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கிளினிக்கில் திரிபோஷ கிடைத்தால் கட்டாயம் எடுங்கள். 1973இல் தொடங்கிய திட்டம் அது, சோளமும் சோயாவும் பால்மாவும் சேர்ந்த மா. வீட்டில் மூத்த பிள்ளைகள் கேட்கும்போது பங்கு போட்டுவிடுவோம், கடைசியில் தாய்க்கு ஒரு உருண்டைதான் மிஞ்சும். அது உங்கள் பங்கு.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு பலமும் இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறையில் பெண் கலியாணம் முடித்தாலும் தாய் வீட்டிலோ, தாயின் வளவுக்குப் பக்கத்திலோதான் குடியிருப்பாள். பிள்ளை பிறந்தால் அம்மா, அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா என்று கைகள் கூடிவிடும். காத்தான்குடி, அக்கரைப்பற்று, சாய்ந்தமருது பக்கம் முஸ்லிம் குடும்பங்களிலும் இப்படித்தான், உம்மாவின் அடுப்பில்தான் நாற்பது நாளும் சரக்கு கொதிக்கும். எவ்வளவு சத்தான சாப்பாடாக இருந்தாலும் தாயே எழுந்து சமைக்க வேண்டும் என்றால் பாதி நாள் சமைக்க மாட்டாள். அதனால்தான் அம்மாவோடு முரண்பட வேண்டாம் என்கிறேன். "அம்மா, உங்கட சரக்குக்கறி எனக்கு வேணும், அதோட ஒரு கொய்யாப்பழமும் தாங்க" என்று கேளுங்கள். இன்னும் மறுத்தால் வீட்டுக்கு வரும் மிட்வைப்பிடம் சொல்லுங்கள், அம்மாமார் அவர் சொல்வதைக் கேட்பார்கள்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 31ஆம் நாள் துடக்குக் கழித்ததும் விசேஷச் சாப்பாடு நின்றுவிடும், பெண் வீட்டில் எல்லாரும் சாப்பிடுவதைத்தான் சாப்பிடுவாள், அதுவும் எல்லாரும் சாப்பிட்ட பிறகு. ஆனால் அந்த 500 கலோரித் தேவை குழந்தைக்கு 6 மாதம் ஆகும் வரை அப்படியே இருக்கிறது. அதற்குப் பிறகும் பால் கொடுக்கும் வரை தேவை முழுதாகப் போகாது. ஆகவே 31க்குப் பிறகு நிறுத்த வேண்டியது பத்தியத்தை. சாப்பாடு தொடரட்டும்: நாளுக்கு ஒரு முட்டை, ஒரு வேளை மீன், ஒரு இலைக்கறி, கிழமையில் சில நாள் களி. நீங்கள் வேலைக்குத் திரும்பும்போது பால் எடுத்து வைக்கிற பாத்திரத்தோடு எள்ளுருண்டை இரண்டும் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலும் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் தலைசுற்று, மூச்சு வாங்குதல், படியேறினால் நெஞ்சு படபடப்பு என்று வந்தால் சாப்பாட்டில் சரிக்கட்டப் பார்க்காமல் கிளினிக்கில் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.